எனக்கென்று சொல்லி வாங்கிய களிம்பு

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகிய மூன்றும் சென்ற மாதம் பதினெட்டாம் தேதி இதே நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அந்தத் தாளில் மாற்ற வேண்டாதவை அவை மட்டும்தான். வயது எழுபத்தெட்டு என்று அதில் எழுதியிருப்பது தவறு. எனக்கு எழுபத்து மூன்று. எழுபத்தெட்டு என்று என் மகன் சொன்னான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மறுக்கவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் படிப்பேன், எண்கள் எதுவானாலும் தெரியும். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். மகன் குடும்பம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இன்று நான் இங்கே வந்தது மகனுக்குத் தெரியாது. என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

முதல் வாக்குமூலத்தில் ஏழு இடங்களில் 'எனக்கு ஞாபகம் இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். ஏழும் பொய். எங்கள் தெருவில் எனக்கு 'டேப்பு' என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்து முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். யார் எந்த வருடம் யாரை என்ன சொன்னார்கள், அப்போது என்ன நிறப் புடவை கட்டியிருந்தார்கள் என்பது வரைக்கும் நான் சொல்வேன் என்பதால் அந்தப் பெயர். எனக்கு ஞாபகம் இல்லை என்று நான் சொன்னதைத் தெருவில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எழுதிக்கொண்ட அதிகாரி வெளியூர்க்காரர், அதனால் நம்பினார்.

என் கணவர் தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான்கு வருடங்களுக்கு முன்பு அவருடைய இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதன் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சட்டைக்குள் கைக்கடிகாரம் வைத்திருப்பதுபோல டிக் டிக் என்று கேட்கும். அதற்கு முன்பே பல் எல்லாம் போய்ப் பல்செட் கட்டியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "நெஞ்சுக்குள்ள இருக்குறது கடிகாரம், வாய்க்குள்ள இருக்குறது பீங்கான், எதுவுமே என்னோடது இல்ல. இவ ஒருத்திதான் ஒரிஜினல்" என்று என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பார். வால்வில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஒரு நீல மாத்திரை, ஒரு பழுப்பு மாத்திரை விழுங்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி, ஒரு மஞ்சள் புத்தகமும் கொடுத்தார்கள். மாதா மாதம் ரத்தம் பார்த்து ஓர் எண் எழுதுவார்கள். அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

மாத்திரை வாங்குவது எங்கள் தெருமுனை மருந்துக்கடையில். கடையை நடத்துகிறவர் ஒரு பெண், மருந்தாளுநர். இதுவரை அவரை நான் கடைக்காரி என்றே சொல்லிவந்தேன், முதல் வாக்குமூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இதில் மருந்தாளுநர் என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்த ரத்த மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டு, மூலையில் சிவப்புப் பொட்டு வைத்து, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். எங்கள் பக்கத்தில் அப்படிப் பதினொரு பேர். மாத்திரை வாங்கப் போனாலும், தலைவலித் தைலம் வாங்கப் போனாலும், அந்த வீட்டு ஆட்களைக் கண்டால் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். "புதுசா எதாவது மருந்து? எங்கயாவது ரத்தம்? கீழ கீழ விழுந்தாரா?" பதில் வாங்காமல் பொட்டலம் கைக்கு வராது.

அவர் மேல் எனக்கு மூன்று கோபங்கள் இருந்தன. அதிகாரி வழக்குக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்லச் சொன்னார். வழக்கே இதில்தான் இருக்கிறது என்று சொன்னதால் எழுதிக்கொள்கிறார்.

முதலாவது, முதல் நாளே என் கணவரை 'ஐயா' என்றவர் என்னைப் 'பாட்டி' என்றார். கணவரைவிட ஆறு வயது இளையவள் நான்.

இரண்டாவது, மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாதம் எண் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. கடையில் கூட்டம். எனக்குப் பின்னால் என் சம்பந்தியம்மா, அதாவது மருமகளின் தாயார், நீலக் குடையோடு நின்றிருந்தார். மருந்தாளுநர் என்னிடம், "பாட்டி, போன வாரம் கீரை எத்தன நாள் போட்டீங்க?" என்று கேட்டார். தினமும் என்றேன். அதற்கு முந்தின வாரம் என்று கேட்டார். போடவே இல்லை என்றேன். "அதான் விஷயம். மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, கீரை ஒரு பக்கம் இழுக்குது. கீரை வேணாம்னு சொல்லல, வாராவாரம் ஒரே அளவா போடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போகிற வழியிலேயே, "புருஷனுக்குக் கீரையப் போட்டே நம்பரக் கவுத்துட்டா" என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். நான்கு பேர் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து சம்பந்தியம்மாவிடம் பேசுவதில்லை. மருந்தாளுநரிடம் இருக்கிற கோபம் அதைவிடப் பெரிதாக வளர்ந்தது.

மூன்றாவது, அதற்கு அடுத்த மாதம் அவர் மஞ்சள் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, பின் அட்டையில் பேனாவால் நான்கு படம் வரைந்து கொடுத்தார். ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷும் அதிலிருந்து சொட்டும் துளியும். ஒரு கை, அதில் கறுப்புத் திட்டு. ஒரு கறுப்பு வட்டம், அது மலம் கறுத்துப் போவதற்கு. ஒரு தலை, அதைச் சுற்றிக் கோடுகள், அது தாங்க முடியாத தலைவலிக்கு. "பாட்டி, இதுல ஒண்ணு வந்தாலும் என்ன நேரம்னு பாக்காம எனக்கு போன் போடுங்க, இல்லன்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். எனக்குப் படிக்க வராது என்று தெரிந்து செய்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைந்து காட்டுவதுபோலக் காட்டுகிறாரே என்று எனக்கு உடம்பு எரிந்தது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கரண்டி வைக்கும் இழுப்பறையில் அடியில் போட்டேன். ரத்தம் பார்க்கப் போகும் நாளில் மட்டும் எடுப்பேன். படம் தெரியாமல் இருக்க முன்பக்கம் மேலே வரும்படி பிடித்துக்கொள்வேன்.

சென்ற மாதம் முதல் வாரத்தில் என் கணவருக்குப் பல்செட் படும் இடமெல்லாம் வெந்து, அண்ணத்தில் வெள்ளையாகப் படர்ந்தது. பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சோற்றைக் குழைத்துக் குடித்தார். குடிக்கும்போதும் கண்ணில் தண்ணீர் வந்தது. என் தங்கைக்கு முன்பு இதே புண் வந்து, வாயில் தடவுகிற ஒரு களிம்பில் நான்கு நாளில் ஆறியது எனக்குத் தெரியும். களிம்பின் டப்பா நிறமும் தெரியும். நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அதை வாங்கக் கடைக்குப் போனேன். போகும்போதே, அவருக்கு என்று சொன்னால் அட்டையை எடுப்பார், மூன்று கேள்வி கேட்பார், ரத்தம் பார்த்துவிட்டு வா என்பார், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆகவே அங்கே நான் சொன்னது வாய் தவறி வந்தது இல்லை. தெரு முழுக்க நடந்து தயார் செய்துகொண்டு போய்ச் சொன்னது.

கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். களிம்பின் நிறத்தைச் சொல்லிக் கேட்டேன். மருந்தாளுநர் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"உங்களுக்கா? பல்செட் ஐயாவுக்குத்தானே இருக்கு?"

"ஏன், பல்செட் இருக்குறவங்களுக்குத்தான் வாய்ப்புண்ணு வரணும்னு சட்டம் போட்டிருக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் சிரிப்பு என் பக்கம் விழுந்தது என்று நினைத்தேன்.

அதன் பிறகு மருந்தாளுநர் கல்லாவுக்கு இந்தப் பக்கம் எழுந்து வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துச் சொன்னார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்கிறேன். "உங்களுக்குன்னா போட்டுக்கங்க. ஆனா ஐயா மட்டும் இத வாயில வெக்கக் கூடாது. தடவுறதுதானேன்னு நெனைக்காதீங்க, எச்சில்ல கரைஞ்சு உள்ள போகும். அவரோட மாத்திரைய நாலு மடங்காக்கி விட்ரும், ரத்தம் நிக்காது. அவருக்குப் புண்ணுன்னா சொல்லுங்க, ரத்தத்துல சேராத வேற மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட நானே பேசி வாங்கித் தர்றேன்."

அவருக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவர் களிம்பைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஒரு வயசானவ வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்டா இந்தக் கடையில விசாரணை நடக்குது பாருங்க" என்று சத்தமாகச் சொன்னேன். அதன் பிறகுதான் கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே நோட்டை இழுத்து எழுதினார். நிலையத்தில் இருக்கும் அந்த நோட்டில், 'மனைவிக்கு என்று சொன்னார், சந்தேகம், எச்சரித்தேன், போன் செய்ய வேண்டும்' என்று அன்றைய தேதியில் இருப்பதை அதிகாரி இன்று படித்துக் காட்டினார். அது பின்னால் எழுதிச் சேர்த்தது என்று என் மகன் புகாரில் சொல்லியிருக்கிறான். அது என் கண் முன்னால் அப்போதே எழுதப்பட்டது. பச்சை மூடி போட்ட பேனா. எழுதும்போது என்னைப் பார்த்துக்கொண்டே எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "கடைக்காரம்மாகிட்ட கேட்டியா? மாத்திரையோட இது ஒத்துக்குமாமா?" என்று கேட்டார். அவர் அந்த அம்மாள் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர். எனக்கு அதுவும் பிடிக்காது. "கேட்டேன். தாராளமா போடலாம்னா" என்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார். நான் என் விரலால், பட்டாணி அளவு எடுத்து, ஒரு நாளைக்கு நான்கு தடவை பூசினேன்.

ஏன் பூசினாய் என்று அதிகாரி கேட்டார். மருந்தாளுநர் சொன்னது காதில் விழவில்லை என்று சொன்னால் பொய். இவர் எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வலி மாத்திரை வேண்டாம், சளி மருந்து கேட்டுக் குடி, கீரை அளந்து போடு என்று எல்லாவற்றுக்கும் ஒரு தடை வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். தடவுகிற களிம்பு ரத்தத்துக்கு எப்படிப் போகும் என்று நினைத்தேன். இரண்டு நாளில் என் கணவருக்கு வலி குறைந்து, மூன்றாம் நாள் பல்செட்டை மாட்டிக்கொண்டு சாப்பிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. இருந்தாலும் அன்று நினைத்தது அதுதான்.

ஐந்தாம் தேதி புதன்கிழமை மருந்தாளுநரின் கடை நம்பரிலிருந்து என் போனுக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தே எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. ஆறாம் தேதி மூன்றாவது முறை வந்தது. எடுத்தேன். "பாட்டியா? ஐயா எப்படி இருக்காரு, அந்தக் களிம்பு..." என்று ஆரம்பித்தார். நான் குரலை மாற்றி, "பாட்டி வீட்ல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். முதல் வாக்குமூலத்தில் யாரும் எனக்கு போன் செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பல்செட் கிண்ணத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினேன். பன்னிரண்டாம் தேதி அவருடைய இடது முழங்கையில், எங்கும் இடிக்காமலே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்தது. அதன் பிறகு பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை, மலம் தார் மாதிரி போகிறது என்று என்னிடம் சொன்னார். நான் அடுப்பங்கரைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளை ஒதுக்கி, மஞ்சள் புத்தகத்தை எடுத்துப் பின் அட்டையைப் பார்த்தேன். நான்கு படத்தில் மூன்று வந்துவிட்டிருந்தது. போன் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. பேசினால் அந்த அம்மாள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்காகவே பேசவில்லை. புத்தகத்தைத் திரும்ப அடியில் வைத்துக் கரண்டிகளை மேலே அடுக்கினேன். அன்று மாலையிலிருந்து பட்டாணி அளவைப் பாதியாகக் குறைத்தேன். நிறுத்தவில்லை.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆணி அடிக்குற மாதிரி இருக்குடி" என்றார். அது நான்காவது படம். அதன் பிறகு அவர் பேசிய பேச்சு இல்லை. வலது கை தொங்கிவிட்டது. கீழே சைக்கிள் கடைக்காரரும் மகனும் சேர்ந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ரத்தம் பார்த்த மிஷினில் எண் பத்துக்கு மேல் போய்க் காட்டவே இல்லை என்று நர்ஸ் சொன்னார். டாக்டர், "புதுசா எதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மதியம் துணி எடுக்க வீட்டுக்குப் போன மகன் கிண்ணத்துப் பக்கத்தில் இருந்த களிம்பையும் கடைச் சீட்டையும் கொண்டுவந்து காட்டினான். டாக்டர் களிம்பைப் பார்த்ததும், "இத இவருக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டார். நான் "கடைக்காரி" என்றேன். அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்த வழக்கு. என் மகன் அதை நம்பித்தான் புகார் கொடுத்தான். அவனுக்கு இதில் வேறு எதுவும் தெரியாது.

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை என்னை இங்கே கூட்டிவந்தபோது வெளி பெஞ்சில் மருந்தாளுநர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஐயா எப்படி இருக்காரு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான்காவதாக ஒரு கோபம் கிடைத்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், களிம்பு என் கணவருக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், கடைக்காரி ஒன்றும் சொல்லவில்லை, மற்றது ஞாபகம் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி, அதாவது நேற்று வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் கேட்ட பஞ்சு வாங்க பஸ் நிறுத்தத்துப் பக்கம் உள்ள வேறு மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் எங்கள் தெருத் தையற்காரரின் மனைவி நின்றிருந்தார். தையற்காரரும் அந்தப் பதினொரு பேரில் ஒருவர். நீல மாத்திரை கேட்டார், கூடவே கணவருக்கு முட்டி வலிக்கிறது என்று வலி மாத்திரையும் கேட்டார். கல்லாவில் இருந்தவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே இரண்டையும் ஒரே உறையில் போட்டு நீட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"யம்மா, ரெண்டையும் சேத்துக் குடுக்காத. வயித்துல ரத்தம் கசியும். கடைசியா எப்ப நம்பர் பாத்தீங்க? எங்கயாவது ரத்தம் வருதா? கீழ கீழ விழுந்தாரா?" என்று கேட்டேன்.

கல்லாக்காரர், "பாட்டி, உங்களுக்கு என்ன வேணும், அத மட்டும் சொல்லுங்க. டாக்டரா நீங்க?" என்றார்.

தையற்காரரின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "இதெல்லாம் கேக்குறதுக்கு ஒருத்தி இருந்தா. அவ கடைய மூட வெச்சது யாரு? நீங்கதானே டேப்பக்கா?" என்றார். முகத்துக்கு நேரே அந்தப் பெயரை யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை. வலி மாத்திரையை மட்டும் கல்லா மேல் திரும்ப வைத்துவிட்டுப் போனார். நான் பஞ்சு வாங்காமல் வந்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை மருந்தாளுநரின் உரிமத்தை ரத்து செய்வது பற்றி விசாரணை என்று சீல் வைத்த கடைக் கதவில் ஒட்டியிருந்த தாளைச் சைக்கிள் கடைக்காரரை விட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இன்று சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் என் கணவரிடம் சொன்னேன். அவரால் பேச முடியாது, சொல்வது புரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தடவக் கூடாது என்று அந்த அம்மாள் சொன்னதையும், தடவலாம் என்று சொன்னதாக நான் அவரிடம் சொன்னதையும், மூன்று படம் வந்த பிறகும் இழுப்பறையை மூடியதையும் வரிசையாகச் சொன்னேன். நெஞ்சில் டிக் டிக் சத்தம் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

பன்னிரண்டரை மணிக்குக் கஞ்சி வந்தது. இருபது நாளாக நான்தான் ஊட்டுகிறேன். கரண்டியைக் கொண்டுபோனேன், அவர் வாயைத் திறக்கவில்லை. ஆறவைத்து மறுபடி கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். அதன் பிறகு நர்ஸ் என் கையிலிருந்து கரண்டியை வாங்கி ஊட்டினார். வாயைத் திறந்தார். முழுவதும் சாப்பிட்டார். கரண்டியை நானே கழுவி வைத்துவிட்டு அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

மருந்தாளுநர் என்னிடம் யாருக்கு என்று கேட்டார், எச்சரித்தார், வேறு மருந்து தருவதாகச் சொன்னார், மூன்று முறை போன் செய்தார். அவர் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. என் முதல் வாக்குமூலத்தை ரத்து செய்து இதை வைத்துக்கொள்ளும்படியும், திங்கட்கிழமைக்கு முன்பு விசாரணை செய்கிறவர்களுக்கு அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என் மேல் நடவடிக்கை உண்டு என்று அதிகாரி சொன்னார். சரி என்றேன். மஞ்சள் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், பின் அட்டை மேலே இருக்கும்படி மேசையில் வைத்திருக்கிறேன், சேர்த்துக்கொள்ளவும்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். கடைசி வரியில், மேலே சொன்னவை எனக்கு ஞாபகம் உள்ள வரையில் உண்மை என்று வழக்கப்படி எழுதியிருந்தார். 'ஞாபகம் உள்ள வரையில்' என்பதை அடிக்கச் சொன்னேன். எல்லோருக்கும் எழுதுவதுதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அது இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அடித்துவிட்டு, அடித்த இடத்திலும் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

மேலே சொன்னவை உண்மை.

(கையெழுத்து)